ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 26 ஆண்டுகளாக டீசல் வேன் ஓட்டுகிறேன். அதில் 11 ஆண்டுகள் செய்தித்தாள் கட்டு ஏற்றும் வேலை. அதிகாலை 3 மணிக்கு அச்சகத்து வாசலில் வண்டி நிற்க வேண்டும். ராத்திரி முழுக்க வெளியில் நின்று இரும்பெல்லாம் சில்லிட்டுப் போயிருக்கும் நேரத்தில்தான் தினமும் சாவியைத் திருப்புவேன். இப்போது பகல் ஓட்டம்தான். ஆனாலும் குளிர்காலத்து விடியற்காலையில் தெருவில் எங்கோ ஒரு வேன் செல்ஃப் அடித்து அடித்து, அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போவதைக் கேட்டால் என்னால் படுத்திருக்க முடிவதில்லை. போர்வையை உதறிவிட்டுப் போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் வண்டியில் பெரிய குறை எதுவும் இருக்காது. ஓட்டுபவர் அவசரப்பட்டிருப்பார், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கடிதம். கிளப்புவதற்கு முன் பத்து விநாடி நிற்க நமக்கு மனசு வருவதில்லை. கிளம்பிய பிறகோ இருபது நிமிஷம் வண்டியைச் சும்மா உறும விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். இரண்டுமே தப்பு. இரண்டுமே எஞ்சினைத்தான் தின்கின்றன.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும். டீசலில் பொறி கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும் இல்லையா, அதே சங்கதிதான். நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் உள்ளே வரும் காற்றே சில்லென்று வருகிறது. சுற்றியுள்ள இரும்பு, ஏறுகிற கொஞ்ச நஞ்சச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது. செல்ஃப் மோட்டாரும் சோம்பிச் சுற்றுகிறது. மெதுவாக நெருக்கினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இடுக்கில் காற்று கசிந்துவிடும், சூடு ஏறாது. இதை ஈடுகட்டத்தான் பெரும்பாலான வேன்களில் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். க்ளோ பிளக் என்று சொல்வதும் இதைத்தான். பென்சிலைவிட மெலிந்த அதன் நுனி 900 டிகிரி அளவுக்குப் பழுக்கக் காய்கிறது. சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் கம்பிச்சுருள் படம் போட்ட விளக்கு எரிகிறதே, அது "நுனி காய்ந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் இரு" என்று வண்டி நம்மிடம் சொல்வது. புதிய வண்டிகளில் இரண்டு மூன்று விநாடியில் அணைந்துவிடும். பழைய வண்டியில் இருபது விநாடிகூட ஆகலாம்.

இது எனக்கு உறைக்க ஒரு எஞ்சின் பாழாக வேண்டியிருந்தது. கட்டு ஏற்றும் வேலையில் அது எனக்கு இரண்டாவது குளிர்காலம். நேரமாகிவிட்டது என்று சாவியைப் போட்ட கையோடு திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அடித்தேன். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது. உள்ளே போன டீசல் எரியாமல் அப்படியே ஆவியாக வெளியேறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று எனக்கு அது தெரியாது. இன்னும் நாலு முறை அடித்ததில் பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த ஒரு லாரி ஓட்டுநர் உதவும் எண்ணத்தில் ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து வந்தார். தன் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுவிட்டு, ஏர் ஃபில்டர் வாயில் அந்த ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்தார். "இப்ப அடி தம்பி" என்றார். உள்ளே சுத்தியலால் அறைந்ததுபோல ஒரு சத்தம். வண்டி கிளம்பியது. கட்டுகளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அந்த வாரத்திலேயே வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், இரண்டாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்து கிடந்தது. அந்த ஸ்ப்ரேயில் இருப்பது ஈதர். டீசலைவிடக் குறைந்த சூட்டிலேயே வெடித்துப் பற்றிக்கொள்ளும். உள்ளே ஹீட்டர் பிளக் காய்ந்திருந்தால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பற்றிக்கொண்டு அதை எதிர்த்து அடிக்கும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஈதரை அடிக்கவே கூடாது. இதை அடித்துச் சொல்கிறேன்.

எஞ்சினைப் பிரித்தவர் வயதான மெக்கானிக். என்னைத் திட்டவில்லை. நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். ஒன்றை எடுத்து இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பிளக்கின் உடம்பை பேட்டரியின் நெகட்டிவில் சேர்த்து, தலையில் பாசிட்டிவ் ஒயரைத் தொட வைத்தார். ஐந்து எண்ணுவதற்குள் நுனியில் ஒரு மங்கிய சிவப்பு தெரிந்தது. பிறகு அது ஆரஞ்சாகி மேலே ஏறியது. முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், அனல் அடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைத்தார். இருபது எண்ணினோம், கறுப்பாகவே இருந்தது. நான்காவதும் அதேதான். "பாத்தியாப்பா, நாலு பேர் தூக்க வேண்டியதை ரெண்டு பேர் தூக்கிக்கிட்டிருந்தாங்க. நீ அந்த ரெண்டு பேரையும் எழுந்திருக்க விடலை" என்றார்.

பழைய வண்டிகளில் அந்த விளக்கு நேரக் கணக்கில்தான் அணையும். பிளக் செத்துப் போயிருந்தாலும் விளக்கு வழக்கம்போல எரிந்து வழக்கம்போல அணைந்துவிடும். ஆகவே விளக்கைப் பார்த்து பிளக் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. காலையில் கிளம்பியவுடன் எஞ்சின் உதறி, வெள்ளைப் புகை விட்டு, சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் ஒரு நல்ல பிளக் ஒன்றிரண்டு ஓம், அதற்கும் குறைவாகக்கூடக் காட்டும். செத்தது எதுவுமே காட்டாது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேட்டரியில் நேரடியாக வைத்துப் பார்ப்பது பழைய 12 வோல்ட் பிளக்குக்குத்தான். இப்போதைய வண்டிகள் பலவற்றில் குறைந்த வோல்ட்டில் வேலை செய்யும் பிளக் இருக்கிறது, அதை அப்படி வைத்தால் நொடியில் எரிந்துவிடும்.

கடுங்குளிரில் நான் செய்வது இதுதான். முகப்பு விளக்கு, ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். சாவியை ஆன் செய்து ஹீட்டர் விளக்கு அணையும் வரை இருந்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து இரண்டாவது முறையும் காய விடுவேன். நியூட்ரலில் வைத்து கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொள்வேன். கியர் பாக்ஸில் ஆயில் கெட்டியாகிப் போயிருக்கும், அதையும் சேர்த்துச் சுற்றும் பாரம் செல்ஃபுக்கு வேண்டாம். பிறகுதான் அடிப்பேன், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் போக மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிஷமாவது சும்மா இருப்பேன். செல்ஃப் மோட்டாரும் ஆறும், பேட்டரியும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

பேட்டரியைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. நேற்று மாலை நன்றாக அடித்த பேட்டரி இன்று காலை எப்படிச் செத்தது என்பார்கள். செத்திருக்காது. 0 டிகிரியில் அதன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மைனஸ் 18-க்கு இறங்கினால் பாதிதான் தேறும். எஞ்சினைச் சுற்றவோ அன்றைக்கென்று கூடுதல் பலம் வேண்டும். பேட்டரி மேல் சி.சி.ஏ. என்று ஓர் எண் போட்டிருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அது எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் அந்த எண். மாற்றும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஆயிலும் அப்படித்தான். 15 டபிள்யூ 40 என்பதில் டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் இளகி ஓடும். உங்கள் வண்டிக்குக் கையேடு அனுமதித்தால் குளிர்காலத்துக்கு 5 டபிள்யூ ஆயிலுக்கு மாறிவிடுங்கள்.

இன்னொரு எதிரி டீசலே. தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலிலும் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது முதலில் பனிமூட்டம் போலக் கலங்கும், பிறகு நுண்ணிய துகளாகி ஃபில்டரை அடைக்கும். ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். டீசல் கொட்டவில்லை. வெள்ளைக் களிம்பு போல ஒன்று காகித மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு நின்றது. இப்படி ஆனால் வண்டி கிளம்பி ஒரு நிமிஷம் ஓடிவிட்டு நின்றுபோகும். கடுங்குளிர் வரும் பகுதிகளில் குளிர்கால டீசல் என்று தனியாகவே விற்கிறார்கள். கோடையில் நிரப்பிய டேங்க்கோடு அந்தப் பக்கம் போகக் கூடாது. ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் குளிர்காலம் வருமுன் திறந்து வடித்துவிடுங்கள், உறைவதில் டீசலை முந்திக்கொள்வது அதுதான். டீசலில் பெட்ரோல் கலந்தால் உறையாது என்று சொல்லும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) பம்புக்கும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் டீசலின் வழுவழுப்புதான் மசகு. பெட்ரோல் கலந்தால் அவை தேய்ந்து போகும். டேங்க்கின் அடியில் தீ மூட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

சரி, வண்டி கிளம்பிவிட்டது. அப்புறம்? இருபது நிமிஷம் ஓட விட்டால் எஞ்சின் நன்றாகச் சூடாகும் என்று நானும் பல வருஷம் நம்பினேன். டீசல் எஞ்சின் பாரமில்லாமல் ஓடும்போது மிகக் கொஞ்சமாகத்தான் எரிபொருள் எடுக்கிறது, அதனால் சூடும் கொஞ்சமாகத்தான் ஏறும். குளிர்ந்த சிலிண்டரில் முழுதாக எரியாத டீசல் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. கரி படிகிறது. புகை வடிகட்டி உள்ள வண்டியில் அதுவும் அடைபடுகிறது. ஆயில் விளக்கு அணைந்து, எஞ்சின் சத்தம் சீராக அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ போதும். கடுங்குளிர் என்றால் இரண்டு மூன்று நிமிஷம். அதற்குள் கண்ணாடியில் படிந்த பனியை வெளியிலிருந்து சுரண்டிவிடலாம் (வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்). பிறகு மெதுவாக நகர்த்துங்கள். சூட்டு முள் நடுவுக்கு வரும் வரை நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்குள் ஓட்டினால் எஞ்சினோடு கியர் பாக்ஸும் சக்கர பேரிங்கும் சேர்ந்தே சூடாகும். கிளம்பிய உடனே ஆக்சிலேட்டரை மிதித்து உறும வைப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட பழக்கம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, அதன் பேரிங் ஆயிலில் மிதந்துதான் ஓடுகிறது. ஆயில் அங்கே போய்ச் சேரும் முன்பே அதை விரட்டுகிறோம்.

வண்டியை நிறுத்தி வைத்து வெகுநேரம் ஓட விடும் பழக்கத்தை நான் விட்டதற்குக் காரணம் மெக்கானிக் இல்லை, பக்கத்து வீட்டு அம்மா. ஒரு நாள் காலை வாசலில் வந்து நின்று, "தம்பி, ஜன்னலை மூடினாலும் உங்க வண்டிப் புகை உள்ளே வருது. குழந்தை இருமிக்கிட்டே எழுந்திருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வேனைப் பார்த்தேன். சைலன்சர் நேராக அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. அத்தனை மாதமாக நான் அதைக் கவனித்ததே இல்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் அறிவித்ததைப் பின்னாளில்தான் படித்தேன். அன்றிலிருந்து வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன், கிளம்பிய ஒரு நிமிஷத்தில் தெருவை விட்டுப் போய்விடுகிறேன். அந்த எஞ்சின் அதற்குப் பிறகு என்னிடம் ஒருமுறையும் மக்கர் செய்ததில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் எழுதியதில் பெரும்பகுதி வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும், பெரும்பாலும் உரிமையாளர் வீட்டு அலமாரியில் இருக்கும். இரவு இரண்டரை மணிக்கு சாவியைத் திருப்புகிற ஓட்டுநர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். குளிர்காலம் தொடங்கும்போது, வண்டி வகைக்கு ஏற்ப எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எந்த ஆயில், எதைச் செய்யக் கூடாது என்று கால் பக்கம் தமிழில் வெளியிடுங்கள். கத்தரித்து டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது. அதில் ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்: கதவு மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஒரு வேன் ஓட்டுநர்