பையில் ஒரு கனம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் கண்ணாடி பவர் மறுபடி ஏறிவிட்டது.

“இன்னுமா அந்தச் சுவிஸ் ராணுவக் கத்தியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?” என்று கேட்டிருந்தாய், பிளேடோடு திருப்புளி, கார்க் திருகி என்று பலதும் மடங்கிக் கிடக்குமே, அதைத்தான். அலைகிறேன்தான். ஆனால் நீ பார்த்த கத்தி இல்லை, அது விமான நிலையத்தில் போயிற்று. கைப்பையிலோ சட்டைப்பையிலோ கத்தி கூடாதென்று தெரியும். பையில் அது இருப்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டதுதான் வினை. தட்டில் போட்டுவிட்டு நடந்தேன். அப்புறம் ஒரு மாதம் என் வலது கை வெறும் பையைத் துழாவிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் அதே மாதிரி சிவப்புக் கத்தி, மடக்கினால் அதே 91 மில்லிமீட்டர் நீளம், வாங்கிவிட்டேன்.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பள்ளி நாளில் எனக்கு அதில் பிளேடு மட்டும்தான் கண்ணில் படும், குச்சி சீவியே பொழுது போகும். குழந்தைகள் வந்தபின் பொம்மைக்கு பேட்டரி மாற்றத் திருப்புளி, சட்டையில் தொங்கும் நூலை வெட்டக் கத்தரி. கார்க் திருகியால் இன்றுவரை ஒரு பாட்டில்கூடத் திறந்ததில்லை. இறுகிய முடிச்சை அவிழ்க்க அதைப்போல ஒன்று கிடையாது. அந்தத் திருகிக்குள் செருகி வைக்க ஒரு குட்டித் திருப்புளி தனியாக விற்கிறார்கள். இப்போது எனக்கு அதிகம் உதவுவது அதுதான், கண்ணாடிக் காது கழன்றுகொண்டே இருக்கிறதே!

1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு கார்ல் எல்ஸ்னர் கொடுத்த கத்தியில் பிளேடு, குத்தூசி, டப்பா திறப்பான், திருப்புளி, அவ்வளவுதான். திருப்புளி துப்பாக்கியைக் கழற்ற. கார்க் திருகி 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியில்தான் வந்தது. சிப்பாய்க்கு அது தேவையில்லை என்று நினைத்தார்கள் போலும்!

குறடு வைத்த வகையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றும்போது, கையில் கத்தி இருந்தும் குறடு இல்லாமல் திண்டாடினாராம். அதன் விளைவாக அவர் செய்த, குறடும் கத்தியும் சேர்ந்த கருவி 1983இல் சந்தைக்கு வந்தது. நல்ல பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால் கிலோ எடை வருவதும் உண்டு. நான்கு நாள் சுமப்பாய், ஐந்தாம் நாள் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். என்னுடையது ஏறக்குறைய 60 கிராம். கத்தி என்றால் பையில் இருக்கவேண்டும் ஐயா.

உன் பழைய கத்தி திறக்கவே மறுக்கிறது என்றாய். துருவாக இருக்காது, பைத்தூசிதான். வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறந்து மூடு. நன்றாக உலர்ந்தபின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். ஒன்று மட்டும் கவனம்: இந்த வகைக் கத்திக்குப் பூட்டு கிடையாது. முனையால் குத்தி அழுத்தினால் மடங்கி விரலில் இறங்கும். என் ஆள்காட்டி விரல் தழும்பு உனக்கு ஞாபகம் இருக்கும், ரத்தத்தைப் பார்த்து மயங்கியது நீதானே.

அதிலிருந்த முள்வாங்கி தொலைந்ததற்காகக் கத்தியை மாற்றாதே. அது தனியாகக் கிடைக்கிறது, பெரிது சிறிது என்று இரண்டு அளவு. உன் கத்தியை மடக்கி, நீளத்தை அளந்து எழுது. வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்