எடையோடு தசையும் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் எடை குறைக்கப் பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள், காலையில் நடக்கிறார்கள். எடை மெஷினில் எண் இறங்கினால் மகிழ்ச்சி. ஆனால் பட்டினியால் மட்டும் எட்டுக் கிலோ இறங்கினால், அதில் இரண்டு கிலோ வரை தசை முதலான கொழுப்பில்லாத எடையாக இருக்கலாம். எலும்பின் அடர்த்தியும் குறையும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஏற்கெனவே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும் காலம் அது.

நடையை விட வேண்டாம், இதயத்துக்கு நல்லது. தசைக்கு மட்டும் அது போதாது, பாரம் வேண்டும். அதற்கு வீட்டு நாற்காலியே போதும். நகராதபடி சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டி, குதிகாலை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து எழுந்திருங்கள். மூன்று எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள். பலர் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இறங்கும்போது உடலைத் தாங்குவதில்தான் தொடைக்குப் பாதி வேலை இருக்கிறது. மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை, மூன்று சுற்று, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. வாரத்தில் இரண்டு மூன்று நாள். கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத்தான் எழ வேண்டும். சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். பாரம் கூடாவிட்டால் தசை அதே இடத்தில் நின்றுவிடும். கைக்கும் தோளுக்கும் சுவரில் கை ஊன்றித் தள்ளலாம்.

அடுத்தது புரதம். 60 கிலோ எடையுள்ளவர் இளைக்கும் காலத்தில் நாளுக்கு 60 முதல் 70 கிராம் வரை சாப்பிட வேண்டும். மூன்று இட்லியும் சாம்பாரும் பத்து கிராமைத் தொடுவதே கஷ்டம். கூட இரண்டு முட்டை வைத்தால் 12 கிராம் ஏறும். சைவர்களுக்கு மீல்மேக்கர் கைகொடுக்கும்: ஊறவைக்கும் முன் நிறுத்த 25 கிராமில் சுமார் 12 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலில் ஆறு, ஊறவைக்கும் முன் நிறுத்த 30 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டலில் ஆறு. எலும்புக்குக் கேழ்வரகு, பால், முள்ளோடு நெத்திலி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். எடைக் குறைப்பு முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அட்டையில் எடையை மட்டும் எழுதாதீர்கள். இடுப்புச் சுற்றளவையும், 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்பதையும் மாதாமாதம் எழுதுங்கள். எடையோடு அந்த எண்ணிக்கையும் இறங்கினால் உணவையும் பயிற்சியையும் உடனே மாற்றிக் கொடுங்கள்.

– இயன்முறை மருத்துவர், திருச்சி