தத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்க்காலத்தில் வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவள் நான். வளர்த்த அம்மாவின் முழுச் சம்மதத்தோடுதான், பெற்றவர்களின் விபரம் கேட்டு அந்த இல்லத்துக்கு எழுதினேன். கோப்புகள் இடப்பெயர்வில் அழிந்துவிட்டன என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரி, 2009இல் என்னென்ன அழிந்தது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் சட்டப்படியான தத்தெடுப்பு மாவட்ட நீதிமன்றக் கட்டளையோடு நடப்பது. பதிவாளர் நாயகத்திடமும் பதிவேடு உண்டு. அங்கே விசாரிக்கும் வழியையாவது சொல்லியிருக்கலாமே?

இயன்றவரை பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 7ஆம் உறுப்புரை.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார், போரில் காணாமல் போன தங்கள் பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பெற்றவராகவும் இருக்கலாம். காணாமல் போனோர் அலுவலகமும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் இரு பக்கத்து விபரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரு தரப்பும் இணங்கினால் மட்டும் மரபணுப் பரிசோதனை செய்யலாம். பெற்றவர் சந்திக்க விரும்பாவிட்டால் அதையும் மதிப்போம். தாய்மாருக்கு வயது போகிறது, தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

ஒரு வாசகி,
முல்லைத்தீவு