தனத்துக்கு, சேலத்திலிருந்து

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அண்ணி வீட்டுக் கல்யாணப் பந்தியில் நடந்த சண்டையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அகிலன் விஷயத்தைக் கடைசியில் ஓரமாக நுணுக்கி எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்திலும் நீ இப்படித்தான். மதிப்பெண் குறைந்த பாடத்தைக் கடைசியில்தான் சொல்வாய்.

இங்கே எல்லாரும் நலம். உருக்காலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் என் சமையலுக்குத் தணிக்கை அதிகாரியாகிவிட்டார். அம்மாவுக்கு மூட்டு வலி, அவ்வளவுதான். நான் அதே நெஞ்சக நோய் மருத்துவமனையில், மூச்சை ஊதிப் பார்க்கும் அதே ஸ்பைரோமெட்ரி கருவியின் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

உன் பிள்ளை அகிலனின் பையில் கிடந்தது பென் டிரைவ் இல்லை, வேப் என்கிற மின்சிகரெட்தான். மாம்பழ வாசனை அடித்தது என்று எழுதியிருக்கிறாய். மல்கோவாவும் குண்டு மாம்பழமும் கூடை கூடையாக வந்து இறங்கும் ஊருக்குப் படிக்க வந்தவன் மாம்பழத்தைப் புகையாக இழுக்கிறான் என்றதும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அண்மையில் ஏற்காடு போனபோதும் இதே கூத்து. நல்ல காற்று வாங்க இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிள்ளைகள், பகோடா பாயிண்டில் நின்று வெள்ளை வெள்ளையாக ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"வெறும் நீராவிதான் அம்மா" என்று உன்னிடம் சொன்னானாமே. அதில் தண்ணீர் கொதிப்பதே இல்லை. உள்ளே ஒரு சின்ன பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றித் திரவத்தில் ஊறிய பஞ்சு. அந்தத் திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள். வாயில் வைத்து இழுத்ததும் சுருள் சூடேறித் திரவம் மிக நுண்ணிய துளிகளாகப் பறக்கிறது. நுரையீரலின் கடைக்கோடிக் காற்றுப்பைகள் வரை போய்ப் படியும் அளவுக்கு நுண்ணியவை. சூட்டில் அந்தத் திரவமே சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகின்றன. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் கொஞ்சம் சேர்ந்துகொள்கின்றன. திரவம் தீர்ந்து பஞ்சு காய்ந்த நிலையில் இழுத்தால் கேடு இன்னும் அதிகம்.

"எல்லாம் தின்பண்டத்தில் போடுகிற பொருள்தானே" என்று அடுத்ததாகச் சொல்வான். இதற்கு நீ நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் போவதற்கு அமிலம் இருக்கிறது, அதைத் தாண்டினால் கல்லீரல் இருக்கிறது. காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பதோ ஒரு மைக்ரானுக்கும் குறைவான திரை. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கும் டைஅசெட்டில் தின்றால் ஒன்றும் செய்யாது. அதையே ஆவியாகச் சுவாசித்த அமெரிக்கப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுண்மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டு, திரும்பிச் சரியாகாத நோய் வந்தது. 2019இல் அமெரிக்காவில் இளைஞர்கள் திடீரென்று மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் குவிந்ததும் இதே கதைதான். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், அவர்களில் 68 பேர் இறந்தார்கள். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. தோலில் பூசும் கிரீமிலும் மாத்திரையிலும் சாதுவாக இருக்கும் பொருள்!

ஆனால் இந்த 68 பேரைக் காட்டி அகிலனை மிரட்டாதே. அவன் செல்பேசியில் தேடிப் பார்த்து, "அது பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் கலந்த சரக்கு அம்மா" என்பான். அவன் சொல்வதும் சரியாகவே இருக்கும். அதன்பிறகு நீ சொல்லும் எதையும் காதில் வாங்க மாட்டான்.

எனக்குக் கவலை தருவது வேறு. என் கருவியின் முன் வந்து உட்காருபவர்கள் முன்பெல்லாம் பீடி பிடித்த தாத்தாக்கள், தறிப் பஞ்சில் ஆயுளைக் கழித்தவர்கள். இப்போது இருபது வயதுப் பையன்கள் வருகிறார்கள். இருமல், படியேறினால் நெஞ்சு இறுக்கம். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து, "ஊது, ஊது, விடாதே, இன்னும் இன்னும்" என்று நான் கத்துகிறேன். திரையில் கோடு சர்ரென்று ஏறி அழகாக இறங்குகிறது. முதல் நொடியில் வெளியேறிய காற்றின் அளவு, மொத்த அளவு, இரண்டும் வயதுக்கேற்றபடி நன்றாக இருக்கின்றன. கூட வந்த அம்மா கும்பிடு போடுகிறாள். பையன் அந்தத் தாளை நற்சான்றிதழ் போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். வெளியே போனதும் அவன் கை எதை எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை தனம். ஆனால் அது சொல்வது குழாய் அடைத்திருக்கிறதா என்பதை மட்டும்தான். சிறு மூச்சுக்குழல்களில் நடப்பது வெகுகாலம் அதில் தெரியாது. இளம் நுரையீரலில் கையிருப்பு அதிகம், கொஞ்சம் கெட்டாலும் எண்கள் காட்டிக்கொடுக்காது. உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். காற்றுப்பைகளைத் துப்புரவு செய்யும் மேக்ரோஃபேஜ் அணுக்களில் கொழுப்புத் துளிகள் நிறைந்து அவை மந்தமாகிவிடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நிக்கோட்டின் இல்லாத வெறும் திரவத்திலேயே அப்படி. வேப் பிடிக்கும் மனிதர்களின் நுரையீரலில் நார்த்திசுவை அரிக்கும் நொதிகள், சிகரெட் பிடிப்பவர்களுக்கு இருப்பது போலவே கூடியிருக்கின்றன. அழற்சி இருக்கும் இடத்தைக் காட்டும் மருந்தைச் செலுத்திப் பெட் ஸ்கேன் எடுத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகரெட் பிடிப்பவர்களைவிட வேப் பிடிப்பவர்களுக்கே அழற்சியின் அடையாளம் அதிகமாகத் தெரிந்தது. மிகச் சிறிய ஆய்வுதான், அதை வைத்துக்கொண்டு நான் கூரையேறிக் கூவ மாட்டேன். ஆனாலும் நல்ல தாளை மடித்து வைத்துக்கொண்டு போகும் அந்தப் பையன்களைப் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வருகிறது.

உன் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்தாறு வயதில் மார்கழி வந்தால் இழுப்பு வந்து, நெபுலைசரை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாயே, மறந்துவிட்டாயா? அப்படிப்பட்ட மூச்சுக்குழல் சின்னத் தொந்தரவுக்கே சுருங்கும். அவன் உன்னிடம் இருமலே இல்லை என்று சொன்னால், இரவில் விடுதி அறையில் எப்படி இருக்கிறது என்று கேள்.

சிகரெட்டைவிட இது மேல் என்று இங்கிலாந்திலேயே சொல்கிறார்களாம் என்றும் எழுதியிருக்கிறாய். சொன்னார்கள். 2015இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு, சிகரெட்டைவிடத் தீங்கு சுமார் 95 சதவீதம் குறைவு என்றது. அது ஏற்கெனவே புகைத்துக்கொண்டிருந்தவர் இதற்கு மாறுவதைப் பற்றிய பேச்சு. வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொடாத அகிலன் எதிலிருந்து எதற்கு மாறினான்? அந்த நாட்டிலும் திரவத்தில் நிக்கோட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்பையே 2025 ஜூன் முதல் தடை செய்துவிட்டார்கள். இங்கே 2019 சட்டப்படி எல்லாமே தடை. விற்பவருக்கு முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக அவன் கைக்கு வந்தது கள்ளச் சரக்கு. உறையில் நிக்கோட்டின் 2 சதவீதம் என்று போட்டிருந்தால் உள்ளே அதுதான் இருக்கிறது என்று யார் பார்த்தது?

நீ செய்ய வேண்டியது அதிகமில்லை. அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் மறுநாளிலிருந்து அவன் எரிந்து விழுந்தால் அது திமிர் இல்லை, நிக்கோட்டின் கேட்கிறது. முதல் வாரம் மோசமாக இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். புகையிலையை விடுவதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் இலவச எண், 1800-11-2356, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அவனே பேசட்டும், நீ பக்கத்தில் நிற்காதே. உன் கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். சொல், ஆனால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து போனபிறகு சொல். அவர் கோபம் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவனை இங்கே அனுப்பு. விடுதியிலிருந்து ஐந்து ரோடு வந்துவிட்டால் போதும், இவர் வண்டியில் அழைத்து வந்துவிடுவார். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன் என்று சொல், அதற்காகவாவது வருவான். எங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம், பேசியிருக்கிறேன். ஊதும் கருவியில் மட்டும் நானாக அவனை உட்கார வைக்க மாட்டேன். எண்கள் நன்றாக வந்துவிட்டால் அவன் கட்சி ஜெயித்துவிடும்.

சின்ன வயதில் எந்த மருந்து கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது இன்ஹேலர் எடுத்தான் என்று ஒரு தாளில் எழுதி அவனிடமே கொடுத்துவிடு. மருத்துவர் கட்டாயம் கேட்பார். பந்திச் சண்டை எப்படி முடிந்தது என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
பூங்கொடி