வாலில் இருந்த எலும்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் மார்க்கெட் வரை போய்வருகிறாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. மாடிப்படி வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பொறு.

இங்கே ஐப்பசி மழையில் கொல்லைத் தொட்டி நிறையத் தலைப்பிரட்டைகள். மருமகள் தண்ணீரைக் கொட்டச் சொன்னாள். நான் பத்துப் பன்னிரண்டை ஊறுகாய் ஜாடியில் பிடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். வேகவைத்த கீரைதான் சாப்பாடு. பின்னங்கால்கள் கண்ணெதிரே வளர்ந்தன. முன்னங்கால்கள் செவுளை மூடிய தோலுக்கடியில் ஒளிந்து வளர்பவை. வெளியே இரண்டு புடைப்புகள்தான் தெரியும். போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றுக்கு இடது கை மூச்சுத்துளை வழியாக வெளியே வந்தது, முழங்கை முதலில்! வலது கை வர மதியமாகிவிட்டது. அதுவரை ஒற்றைக் கையோடு திரிந்தது.

உடனே உன் நினைவுதான். "வால் சுருங்கும்போது அதில் இருக்கும் எலும்பு எங்கே சார் போகும்?" என்று செய்முறை வகுப்பில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயே! பெரும்பாலான தலைப்பிரட்டைகளின் வாலில் எலும்பே கிடையாதப்பா. நடுவில் முதுகுநாண் என்ற எலும்பில்லாத தண்டு, சுற்றிலும் தசை. தைராய்டு ஹார்மோன் ஏறியதும் உடலே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. 1912-இல் குடர்நாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். வளர வேண்டிய அளவு வளராமலேயே அவை பொடித் தவளைகளாகிவிட்டன. வாலடியில் உருவாகும் ஓரிரு முள்ளெலும்புகள் மட்டும் ஒரு குருத்தெலும்புத் தண்டோடு சேர்ந்து ஒரே கோலாகின்றன. நாம் அறுத்த தவளையின் இடுப்பில் பார்த்த யூரோஸ்டைல் அதுதான்.

வால் சுருங்கும் நாட்களில் என் தலைப்பிரட்டைகள் ஜாடிக் கீரையைத் தொடவில்லை. பாசி சுரண்டிய கொம்பு அலகு உதிர்கிறது, குட்டையான கீழ்த்தாடைக் குருத்தெலும்பு நீள்கிறது, தாடை மூட்டு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது. வாயையே இடித்துக் கட்டும்போது எதைத் தின்பது? வால்தான் கட்டுச்சோறு.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதுதான் என்னை உலுக்கியது. மடகாஸ்கரில் கிடைத்த டிரையடோபட்ராக்கஸ், சுமார் 25 கோடி ஆண்டுப் பழைய தவளை உறவு. அதற்கு இடுப்புக்கு முன்னால் 14 முள்ளெலும்புகள், பின்னால் ஒரு குட்டி வால். இன்றைய தவளைக்கு அந்த எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டாது. ஆனால் தலைப்பிரட்டை அவ்வளவாக மாறவில்லை. அர்ஜென்டினாவில் கிடைத்து 2024-இல் அறிவிக்கப்பட்ட தலைப்பிரட்டைப் புதைபடிவம் 16 கோடி ஆண்டுக்கு முந்தையது, முக்கால் சாண் நீளம். செவுளைத் தாங்கும் குருத்தெலும்புகூடப் பதிந்திருக்கிறது. நீரை வடிகட்டித் தின்ன இன்றைய தலைப்பிரட்டைக்கு இருக்கும் அதே அமைப்பு!

ஜாடியில் இன்னும் மூன்றுக்கு வால் பாக்கி. நான்காவது இப்போது கண்ணாடியில் ஏறி விளிம்புக்கு வந்துவிட்டது; மருமகள் பார்ப்பதற்குள் பிடிக்க வேண்டும்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்