ரவிக்கு, பாஸ்டன் சொத்து விஷயமாக

அன்புள்ள ரவிக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்தது ரொம்பச் சந்தோஷம். உமாவிடமும் என் வாழ்த்தைச் சொல்.

'எனக்குப் பின் எல்லாம் அவளுக்கு, அவளுக்குப் பின் எல்லாம் எனக்கு' என்று நீயும் உமாவும் எழுதிய உயில் போதாதா என்று கேட்டிருக்கிறாய். மாசசூசெட்ஸில் இருக்கும்வரை போதாது. இறந்தவர் விட்டுப்போகும் சொத்தின் மேல் விழுவது எஸ்டேட் வரி. அதில் ஃபெடரல் (மத்திய அரசு) வரியை விடு. 2026இல் தலைக்கு 15 மில்லியன் டாலர் விலக்கு, அது உங்களைத் தொடாது. மாநில விலக்குதான் பிரச்சினை: தலைக்கு வெறும் 2 மில்லியன். ஃபெடரலில் முதலில் போனவரின் மிச்ச விலக்கை ஃபார்ம் 706 (எஸ்டேட் வரி ரிட்டர்ன்) போட்டு மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாநிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. உங்கள் 4 மில்லியன் முழுவதும் ஒருவர் கைக்கு வந்தபின் அவரும் போனால் பிள்ளைகள் கட்டுவது 1,80,800 டாலர். ஆளுக்கு 2 மில்லியனாகப் பிரித்து, முதலில் போகிறவரின் பங்கை கிரெடிட் ஷெல்டர் டிரஸ்டுக்குள் (மற்றவர் அனுபவிக்கலாம், ஆனால் அவர் சொத்தாகக் கணக்கில் வராது) விட்டால் வரியே வராது.

டிரஸ்டை எழுதுவது சுலபம், அதற்குள் சொத்து போய்ச் சேராததுதான் வழக்கமான கோளாறு. வீடு இருவர் பெயரிலும் சர்வைவர்ஷிப்போடு (ஒருவர் போனால் முழுதும் மற்றவருக்கு என்ற ஏற்பாடு) இருந்தால் நேராக உமாவுக்குப் போய்விடும், டிரஸ்ட் காலியாகவே நிற்கும். பத்திரத்தை மாற்றி, பாதிப் பாதியாக அவரவர் டிரஸ்டில் வையுங்கள். 401-கே என்கிற உன் ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கை உயிரோடு இருக்கும்போது பெயர் மாற்ற முடியாது. அதை உன் பங்கில் எண்ணிக்கொண்டு பங்குகள் இருக்கும் புரோக்கரேஜ் கணக்கை உமா பங்குக்குத் தள்ளு. 401-கேக்கு முதல் நாமினி உமா, அடுத்தது உன் டிரஸ்ட். வேண்டாமென்றால் உனக்குப் பின் 9 மாதத்துக்குள் அவள் எழுத்தில் மறுக்கலாம், பணம் டிரஸ்டுக்குப் போகும். அதற்குள் அந்தப் பணத்தைத் தன் கணக்குக்கு மாற்றிவிட்டால் மறுக்கும் உரிமை போச்சு.

உமாவே டிரஸ்டியாக இருக்கலாம். ஆனால் அசலை எடுப்பதற்கான காரணங்களில் மருத்துவம், படிப்பு, பராமரிப்பு, ஜீவனம் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. 'சௌகரியத்துக்கு' என்று ஒரு சொல் நுழைந்தாலும் முழுத்தொகையும் அவள் சொத்தாகக் கணக்கிடப்படும்.

இன்னொன்று, இதைத்தான் முதலில் கவனி. உமா கிரீன் கார்டில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத துணைக்குப் போகும் சொத்துக்கு மணத்துணைக் கழிவு (துணைக்குப் போவதை வரிக் கணக்கிலிருந்து கழிப்பது) கிடையாது. அந்தக் கழிவு கிடைக்க க்யூடாட் (QDOT) என்ற தனி டிரஸ்ட் வேண்டும். உயிரோடு இருக்கும்போது அவள் பெயருக்குப் பரிசாக மாற்றவும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு: 2026இல் 1,94,000 டாலர். அதற்கு மேல் போனால் ஃபார்ம் 709 (பரிசு வரி ரிட்டர்ன்) போடவேண்டும், அது உன் ஃபெடரல் விலக்கைக் கரைக்கும். வரி வராது என்றாலும் அந்தப் பரிசு மாநில எஸ்டேட் வரி ரிட்டர்ன் போடவேண்டிய வரம்புக்குக் கணக்கில் ஏறும். அவள் குடியுரிமை வாங்கிவிட்டால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். இந்திய பாஸ்போர்ட்டை விட மனசு வராது, புரிகிறது. ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமகனான இந்தியருக்கான அட்டை) இருக்கிறதே.

அடையாறு ஃபிளாட்டையும் மறைக்காமல் காட்டு. இந்தியாவில் எஸ்டேட் வரி 1985லேயே போய்விட்டது. இங்கேயும் மாசசூசெட்ஸுக்கு வெளியிலிருக்கும் அசையாச் சொத்தின் விகிதத்துக்கு மாநில வரி குறையும்.

டிரஸ்டில் ஒரு நஷ்டமும் உண்டு: அதற்குள் வளர்ந்த பங்குகளுக்கு இரண்டாவது மரணத்தில் விலை மறுநிர்ணயம் (அன்றைய சந்தை விலையையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்வது) கிடைக்காது, விற்கும்போது பிள்ளைகளுக்கு கேப்பிட்டல் கெயின்ஸ் வரி வரும். வேகமாக ஏறும் பங்குகளை எங்கே வைப்பதென்று வக்கீலிடம் கணக்குப் போட்டுப் பார்.

கணக்குகளின் பட்டியலை, யார் பெயரில் எது என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
சேகர்