டேப் வாங்கும்போதே பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து, பாளையங்கோட்டையில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் பழைய டேப்போடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். “இதுல லினக்ஸ் போட்டா ஓடுமாமே, அண்ணாச்சி?” லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாக ஏற்றிக்கொள்ளும் இயங்குதளம்.

டேப்பைத் திருப்பிப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. இன்டெல் ஆட்டம் சிப் உள்ள பழைய விண்டோஸ் டேப் என்றால் முயன்று பார்க்கலாம். ஆண்ட்ராய்டு டேப் என்றால் பெரும்பாலும் கையை விரிக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான்!

இன்டெல் டேப்பும் லேசில் மசியாது. ஆட்டம் இசட்3735எஃப் சிப் 64 பிட். பல டேப்களில் அதை எழுப்பிவிடும் யு.இ.எஃப்.ஐ. என்ற தொடக்க நிரல் மட்டும் 32 பிட். சாதாரண 64 பிட் லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகினால் பல சமயம் ஏறெடுத்தும் பார்க்காது. 2015-இல் வந்த டெபியன் 8 என்ற லினக்ஸ் பதிப்பு முதல் இதற்கு வழி உண்டு. அடுத்த தொல்லை, இருப்பதே ஒரு மைக்ரோ யு.எஸ்.பி. துளைதான். மற்ற கருவிகளை டேப்போடு இணைக்கும் ஓ.டி.ஜி. கேபிள், ஹப், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் அதில் தொங்கும். அதுவரை சார்ஜ் ஏறாது. எனவே முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகே வேலையைத் தொடங்குவேன். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே மாட்டேன்.

எல்லாம் ஏறிய பிறகும் சில டேப்களில் திரையின் மேல்பக்கம் தொட்டால் கீழ்ப்பக்கம் அமுங்கும். ஹான்ஸ் டி கோட என்ற கெர்னல் நிரலாளரும் வேறு சிலரும் மாடல் மாடலாகத் தொடுதிரை விவரங்களைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். நம் மாடல் அதில் இருந்தால் பிழைத்தோம். கேமராவை மட்டும் கேட்காதீர்கள். 2 ஜி.பி. ரேமில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான டெஸ்க்டாப், பி.டி.எஃப். பாடநூல், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 கீபோர்டு எல்லாம் ஓடும். யூடியூப் திக்கும், பெற்றோர் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

ஆண்ட்ராய்டு டேப்பில் என் கைவேலை செல்லாது. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் ‘டிவைஸ் ட்ரீ’ மாடலுக்கு மாடல் வேறு. அதற்கும் முன்னால், சிஸ்டத்தை எழுப்பிவிடும் ‘பூட்லோடர்’ என்ற நிரல், வேறு சிஸ்டம் ஏற்ற முடியாதபடி பூட்டிக் கிடக்கும். பழைய போன், டேப்களைப் பத்தாண்டு உழைக்க வைக்க 2017 முதல் பாடுபடும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் திட்டக் குழுவினரும் இந்தப் பூட்டு திறந்தால்தான் உள்ளே போக முடியும்.

மத்திய அரசு 2011-இல் வெளியிட்ட ஆகாஷ் டேப்பை எல்லோரும் கேலி செய்தோம். ஆனால் அதன் அடுத்த பதிப்பில் இருந்த ஆல்வின்னர் சிப், மெமரி கார்டிலிருந்தே சிஸ்டத்தை எழுப்பும். அதனால்தான் பம்பாய் ஐ.ஐ.டி.யினரால் அதில் முழு லினக்ஸை ஓட்டிக்காட்ட முடிந்தது.

கெர்னலின் உரிமம் ஜி.பி.எல். 2. அதைத் தன் பொருளில் வைத்து விற்கிறவர், வாங்கியவர் கேட்டால் அந்தக் கெர்னலின் மூல நிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய வடிவத்தை, தந்தாக வேண்டும். ஒரு மலிவு டேப்பின் இறக்குமதியாளரிடம் கேட்டு எழுதினேன். வாரண்டி முடிந்துவிட்டது என்று பதில் வந்தது!

தனி ஆளாக நான் கேட்டால் இதுதான் மரியாதை. மொத்தமாக வாங்கும் அரசு கேட்டால் தராமல் இருப்பார்களா? தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸையும் கேட்டு வாங்கியது. 2024-இல் ஆசிரியர்களுக்கு டேப் தந்தது. இனி விடும் டெண்டரில், பூட்லோடரைத் திறக்கும் வழியையும் கெர்னல் மூல நிரலையும் டெலிவரியோடு ஒப்படைக்க வேண்டும், தராவிட்டால் கடைசித் தவணைப் பணம் கிடையாது என்று சேர்க்கும்படி பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வீஸ் கடைக்கார வாசகர்,
பாளையங்கோட்டை.